தொலைநோக்கி வாங்குவதற்கு முன்: பிள்ளைகளோடு வீட்டில் செய்யும் வானியல் சோதனைகள்

பிள்ளைக்கு வானத்தின்மேல் ஆசை வந்ததும் பெரியவர்கள் அவசரப்பட்டு வாங்குவது ஒரு சின்னத் தொலைநோக்கி. ஆடிக்கொண்டே நிற்கும் முக்காலியில் நிலாவைப் பிடிப்பதற்குள் பிள்ளையின் பொறுமை தீர்ந்துவிடும். முதல் ஆறு மாதத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு குச்சி, நூல், கைக்கண்ணாடி, அட்டை, பந்து இருந்தால் சூரியனின் விட்டம், பூமி சுழலும் வேகம், நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகை ஆகிய மூன்றையும் பிள்ளையே அளந்துவிடலாம்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பகல் வேலை முதலில், இரவு வேலை பிறகு. பகலில் அளக்கப் பழகிய பிள்ளை இரவில் தடுமாறாது. சின்னப் பிள்ளைகளுக்கு 6-ஆம் படியை முதலில் செய்து காட்டலாம். கணக்கு வரும் இடங்களுக்கு வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும்.

1. பொருள்களும் குறிப்பேடும்

வாங்க வேண்டியவை மிகக் குறைவு: பாகைமானி, வரைபடத்தாள், 6 முதல் 8 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் தெர்மாகோல் பந்து. மற்றவை வீட்டிலேயே இருக்கும்: அளவு நாடா, அலுமினியத் தாள், ஊசி, கைக்கண்ணாடி, கறுப்புக் காகிதம், அட்டைப் பெட்டிகள், நூல், கனமான ஒரு நட்டு, கோலிக்குண்டு, மணல்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் ஆறு பத்திகள் வரையுங்கள்: தேதி, நேரம், நின்ற இடம், வானம் எப்படி இருந்தது, என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அளந்தது என்ன. ஐந்தாவது பத்தியைச் சோதனைக்கு முன்பே பிள்ளை தன் கையால் எழுத வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கணிப்பை எழுதி வைத்த பிள்ளை முடிவைத் தானே ஓடி வந்து பார்க்கும். எழுதாத பிள்ளைக்கு அது பெரியவர் காட்டும் வேடிக்கையாக முடிந்துபோகும். கணிப்பு தவறினால் அழிக்க விடாதீர்கள். நேரத்தைக் கைபேசியைப் பார்த்து நிமிடக் கணக்கில் எழுதுங்கள். "காலையில்", "மாலையில்" என்ற குறிப்புகள் பிறகு எதற்கும் உதவாது.

2. கண் பாதுகாப்பு: இதைத் தாண்டி எதுவும் இல்லை

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. அது கருகும்போது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படச்சுருள், புகை பிடித்த கண்ணாடி, சிடி தட்டு எதுவுமே பாதுகாப்பு அல்ல. கிரகணக் கண்ணாடி என்றால் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்துக்கு உட்பட்டதாக, கீறலோ துளையோ இல்லாததாக இருக்க வேண்டும். அதை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்ப்பது கூடவே கூடாது. லென்ஸ் குவித்த வெயில் அந்தக் கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

சில மலிவுத் தொலைநோக்கிகளோடு கண்வில்லையில் திருகும் சிறிய "சூரிய வடிகட்டி" ஒன்று வரும். குவிந்த வெப்பம் விழும் இடத்தில் இருப்பதால் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடக்கூடும். வீட்டில் இருந்தால் இன்றே உடைத்து எறியுங்கள்.

இந்தக் கட்டுரையில் சூரியன் வரும் எல்லாச் சோதனையிலும் பிள்ளையின் முதுகு சூரியன் பக்கம் இருக்கும். அந்த ஒரு பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள்.

3. நிழல் குச்சி: உண்மையான நண்பகலும் உண்மையான வடக்கும்

தேவையான நேரம்: ஒரு முழுப் பகல், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட வேலைதான். விடுமுறை நாளில் வையுங்கள்.

சமமான பலகையில் வெள்ளைத் தாளை ஒட்டி, நடுவில் 20 முதல் 30 செ.மீ. உயரமுள்ள குச்சியை நிறுத்துங்கள். பலகை மட்டமாக இருக்கிறதா என்று கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். உருண்டால் அடியில் காகிதத்தை மடித்து வையுங்கள். குச்சி செங்குத்தா என்பதை நட்டு கட்டிய நூலைப் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டு திசைகளிலிருந்தும் சரிபாருங்கள். குச்சி சாய்ந்திருந்தால் இதில் வரும் ஒவ்வோர் அளவும் தவறும்.

காலை 9.30 அல்லது 10 மணிக்கு நிழல் நுனியில் புள்ளி வைத்து, குச்சியின் அடியை மையமாகக் கொண்டு அந்தப் புள்ளி வழியாக ஒரு வட்டம் வரையுங்கள். பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு புள்ளி. நண்பகலை ஒட்டி 5 நிமிடத்துக்கு ஒன்று. நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும், பிற்பகலில் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும். அந்த இரண்டாவது தொடும் நொடியைத் தவறவிட்டால் நாள் முழுவதும் செய்த வேலை வீணாகும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தின் மேல் உள்ள இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. குச்சியின் அடியிலிருந்து அதற்குச் செங்குத்தாகப் போடும் கோடு வடக்கு தெற்கு. இரண்டு நேரங்களின் சரிபாதிதான் உங்கள் இடத்தின் நண்பகல்.

அது கடிகாரத்தின் 12 மணியாக இருக்காது. பிள்ளை "தப்பாகிவிட்டது" என்று முகம் சுளிக்கும் இடம் இது. தப்பு எதுவும் இல்லை. கடிகாரம் ஒரு நாடு அல்லது பெரும் பகுதி முழுவதற்கும் பொதுவான நேரத்தைக் காட்டுகிறது. அந்த நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து ஒரு பாகை தள்ளியிருந்தால் 4 நிமிட வேறுபாடு. கிழக்கே இருந்தால் நண்பகல் முந்தும், மேற்கே இருந்தால் பிந்தும். அதோடு பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது; இதனால் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் சுமார் 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தியும் உச்சத்துக்கு வரும். திசைகாட்டி வைத்திருந்தால் நிழல் காட்டும் வடக்கோடு ஒப்பிடுங்கள். காந்த வடக்கு வேறு என்பதால் இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். நிழல்தான் சரி.

அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று: நிழல் நுனி மங்கலாக இருக்கும், எங்கே புள்ளி வைப்பது என்று தெரியாது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் 30 செ.மீ. குச்சியின் நீண்ட நிழலில் நுனி அரை செ.மீ.க்கும் மேல் கரைந்துபோகும். குச்சி உச்சியில் ஒரு சிறு அட்டையை ஒட்டி, அதில் 3 மி.மீ. துளை போடுங்கள். அட்டை நிழலின் நடுவில் ஒரு ஒளிப்பொட்டு விழும். அதன் மையத்தில் புள்ளி வைத்தால் போதும். துளை குச்சியடிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். உயரத்தைத் தரையிலிருந்து துளை வரை அளக்க வேண்டும்.

சூரியனின் உயரக் கோணத்துக்குக் கணிப்பான் தேவையில்லை. குச்சி உயரத்தையும் நிழல் நீளத்தையும் வரைபடத்தாளில் செங்கோண முக்கோணமாக வரைந்து, நிழல் நுனியில் பாகைமானியை வைத்துப் படிக்கலாம். இரண்டும் சமமானால் 45 பாகை. மாதம் ஒரு நாள் நண்பகல் நிழலை மட்டும் அதே தாளில் தேதியோடு குறித்து வாருங்கள். ஆறே மாதத்தில் பருவகாலம் ஏன் வருகிறது என்பதற்கான படம் உங்கள் சுவரில் இருக்கும்.

4. ஊசித்துளை: சூரியனின் விட்டத்தை அளப்பது

இரண்டு மூன்று பெட்டிகளை ஒட்டி குறைந்தது 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் செய்யுங்கள். ஒரு முனையில் சதுரம் வெட்டி, சுருக்கம் இல்லாத அலுமினியத் தாளை ஒட்டி 1 மி.மீ. துளை இடுங்கள். தாளை அட்டைமேல் வைத்து ஊசியை மெல்லச் சுழற்றிக் குத்தினால் கிழியாது. மறுமுனையின் உட்புறம் வெள்ளைத் தாள். அதற்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்க ஒரு சன்னல் வெட்டுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி, குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்வரை திருப்பினால் படம் தாளில் விழும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கும் கருவி அல்ல இது என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

படத்தின் விட்டம் தூரத்தில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்கு. 1 மீட்டருக்கு 9.3 மி.மீ., 2 மீட்டருக்கு 18.6 மி.மீ. அரை மீட்டர் பெட்டியில் 5 மி.மீ.கூட வராது, அளவுகோலால் அதை நம்பி அளக்க முடியாது. நீளமான குழாய் கேட்பது அதனால்தான்.

அளந்த அகலத்திலிருந்து துளையின் அகலத்தைக் கழியுங்கள். துளையின் அளவு படத்தின் ஓரத்தில் கூடிவிடும். 10.3 மி.மீ. வந்தால் 9.3 என்று கொள்ளுங்கள். அதைக் குழாய் நீளத்தால், அதாவது 1000 மி.மீ.ஆல் வகுத்து, சூரியனின் தூரமான 15 கோடி கி.மீ.ஆல் பெருக்குங்கள்: சுமார் 13 லட்சத்து 95 ஆயிரம் கி.மீ. உண்மையான விட்டம் சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம். பிள்ளையின் விடை பத்தில் ஒரு பங்கு தள்ளிப் போனாலும் அது நல்ல அளவீடுதான்.

"அது துளையின் வடிவம்தானே வட்டமாகத் தெரிகிறது?" என்று கேட்கும் பிள்ளையைப் பாராட்டுங்கள். பதில் சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள். இன்னொரு அட்டையில் 2 மி.மீ. முக்கோணத் துளை வெட்டி, 5 செ.மீ. தள்ளித் தாளைப் பிடித்தால் முக்கோணம் தெரியும். 2 மீட்டர் தள்ளிப் பிடித்தால் வட்டம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

5. கைக்கண்ணாடியும் சுவரும்: பூமி சுழலும் வேகம்

கைக்கண்ணாடியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, நடுவில் 5 மி.மீ. துளை விடுங்கள். வெயில் படும் சன்னலில், மணல் நிரப்பிய டம்ளரில் அதைக் குத்தி நிறுத்தி, 8 மீட்டர் தள்ளி இருட்டான சுவரில் ஒளி விழச் செய்யுங்கள். 7 செ.மீ.க்குச் சற்று மேல் சூரியனின் முழுப் படம் கிடைக்கும். கண்ணாடியைக் கையில் பிடித்தால் படம் நடுங்கும். சுவர்ப் பக்கமிருந்து யாரும் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த ஒளியும் சூரிய ஒளிதான்.

சுவரில் ஒட்டிய தாளில் படத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, உடனே கடிகாரத்தை ஓட விடுங்கள். படம் நகர்ந்து வட்டத்தை முழுவதுமாக விட்டு வெளியேற 2 நிமிடமும் சில நொடிகளும் ஆகும். 24 மணி நேரத்தில் 360 பாகை என்றால் 4 நிமிடத்துக்கு 1 பாகை; அரைப் பாகை அகலச் சூரியன் தன் அகலத்தைக் கடக்க 2 நிமிடம். கணக்கைப் பிள்ளையே போடட்டும். ஜூன், டிசம்பர் மாதங்களில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நொடி கூடும். சூரியன் அப்போது வான நடுவரையிலிருந்து, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டிலிருந்து, விலகியிருக்கும்.

6. பந்தும் விளக்கும்: பிறை ஏன் வளர்கிறது

இருட்டறையில் மூடி இல்லாத ஒற்றை பல்பைப் பிள்ளையின் கண் உயரத்தில் வையுங்கள். தெர்மாகோல் பந்தைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டிப் பிடித்து, பிள்ளை இடப்பக்கமாக மெல்லச் சுற்றட்டும். தலைதான் பூமி. விளக்கைப் பார்த்தபடி நிற்கும்போது அமாவாசை. கால் சுற்றில் வலப்பாதி ஒளிரும் வளர்பிறை. அரைச் சுற்றில் பௌர்ணமி. வலப்பக்கமாகச் சுற்றினால் வரிசை தலைகீழாகிவிடும்.

கெடுவது மூன்று வகையில். பளபளப்பான பிளாஸ்டிக் பந்தில் ஒரு ஒளிப்பொட்டுதான் தெரியும், பிறை தெரியாது. வெள்ளைச் சுவருக்கு அருகே நின்றால் எதிரொளி பந்தின் இருண்ட பாதியையும் வெளுக்கச் செய்யும். பௌர்ணமி நிலையில் தலையின் நிழல் பந்தின்மேல் விழும். மூன்றாவதை வீணாக்காதீர்கள்: அதுதான் சந்திர கிரகணம். பந்தைத் தலைக்கு மேலே தூக்கினால் பௌர்ணமி திரும்பும். நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. பூமியின் நிழல் விழுந்துதான் பிறை உண்டாகிறது என்று பெரியவர்களே பலர் நம்புகிறார்கள். அந்தக் குழப்பம் இந்த இடத்தில் தீரும்.

அடுத்து அதே பந்தை வெளியே எடுத்துப் போங்கள். வளர்பிறை அரை நிலா பிற்பகலிலும், தேய்பிறை அரை நிலா காலையிலும் வெயில் இருக்கும்போதே வானில் தெரியும். நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி பந்தை நீட்டிப் பிடித்தால், நிலாவில் எந்தப் பாதி ஒளிர்கிறதோ பந்திலும் அதே பாதி ஒளிரும். பந்துமேல் நேர் வெயில் படும் இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

7. நிலா நாட்குறிப்பு

அமாவாசை கழிந்து இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், சூரியன் மறைந்து 30 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். தினமும் அதே இடம், அதே நேரம். தொடுவானத்தில் உள்ள மரம், கட்டடங்களை முதல் நாளே வரைந்துகொண்டு, அதன்மேல் நிலாவை நாள்தோறும் குறியுங்கள். நீட்டிய கையில் மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை, சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. சின்னக் கைக்குச் சின்ன முட்டி என்பதால் பிள்ளைக்கும் இது பொருந்தும். நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 12, 13 பாகை கிழக்கே தள்ளியிருக்கும். நிலா உதிக்கும் நேரம் சராசரியாக 50 நிமிடம் பிந்தும்.

பௌர்ணமியோடு பலரும் இந்தக் குறிப்பைக் கைவிடுகிறார்கள், ஏனென்றால் பிறகு நிலா பிள்ளை தூங்கப் போகும் நேரத்துக்குத்தான் எழும். அப்போது காலைக்கு மாறுங்கள்: தேய்பிறை நிலா சூரியன் எழுந்த பிறகும் மேற்கே நிற்கும். இரண்டையும் சேர்த்தால் 29.5 நாள் சுற்று முழுமையாகும். ஒளிரும் பக்கம் வலமா இடமா, படுத்திருக்கிறதா என்பது நீங்கள் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. எங்கிருந்தாலும் அது சூரியன் இருக்கும் திசையை நோக்கியே இருக்கும்.

பௌர்ணமி அன்று இன்னொரு வேலை. காகிதத் துளைப்பான் போடும் 6 மி.மீ. துளை உள்ள தாளைக் கை நீட்டிப் பிடித்து, எழும்போது பெரிதாகத் தெரியும் நிலாவை அதற்குள் பாருங்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். துளையை அது நிரப்பும் அளவு மாறவே மாறாது. நிலாவுக்கு மட்டும், சூரியனுக்கு ஒருபோதும் இல்லை.

8. உயரமானி: துருவ நட்சத்திரமும் உங்கள் அட்சரேகையும்

பாகைமானியின் நேர் விளிம்பில் ஒரு உறிஞ்சுகுழலை ஒட்டி, மையத் துளையிலிருந்து நட்டு கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். குழல் வழியாக நட்சத்திரத்தைப் பிடித்ததும், இன்னொருவர் நூலைப் பாகைமானியோடு அழுத்திப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும். 90-க்கும் அந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உயரம். கழிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. குழலைத் தொடுவானத்துக்கு நேராகப் பிடித்தால் நூல் 90-இல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குழல் கோணலாக ஒட்டியிருக்கிறது.

வடக்கை 3-ஆம் படியில் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தத் திசையில் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். மிகப் பிரகாசமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது நடுத்தர ஒளி உள்ளதுதான். கரண்டி வடிவில் தெரியும் சப்தரிஷி மண்டலத்தில், கரண்டிக் கிண்ணத்தின் முன்விளிம்பில் உள்ள இரண்டு நட்சத்திரங்களைச் சேர்க்கும் கோட்டை ஐந்து மடங்கு நீட்டினால் அதில் போய் நிற்கும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்: அதுவே உங்கள் அட்சரேகை, ஓரிரு பாகைக்குள். துருவ நட்சத்திரம் உண்மையான வட துருவப் புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அது தொடுவானப் புகையில் மூழ்கும்; தென் அரைக்கோளத்தில் தெரியாது.

கண் இருளுக்குப் பழக, வெளியே வந்து 20 நிமிடமாவது இருட்டில் இருங்கள். ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தால் அந்த 20 நிமிடமும் போச்சு. டார்ச் விளக்குக்குச் சிவப்புத் தாள் சுற்றுங்கள்.

9. மேகம் மூடிய நாளுக்கு இரண்டு வேலை

முதலாவது, நிலாப் பள்ளம். ஆழமான தட்டில் 6 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த நுண்மணல் நிரப்பி, மேலே வேறு நிறப் பொடியை மெல்லத் தூவுங்கள். கோலிக்குண்டை 25 செ.மீ., பிறகு 100 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள், எறியக் கூடாது, விரலைத் திறந்தால் போதும். உயரம் நான்கு மடங்கானால் பள்ளத்தின் அகலமும் நான்கு மடங்கு என்று பிள்ளை எழுதும். கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்யுங்கள். மணலை அமுக்காமல் அளவுகோலால் வழித்து விடுங்கள், இறுகிய மணலில் பள்ளம் சிறுக்கும். நிலாவில் விழுந்த கற்கள் நொடிக்குப் பல கி.மீ. வேகத்தில் வந்து வெடித்துச் சிதறியவை என்பதால் அங்கே பள்ளத்தில் கோலிக்குண்டைத் தேட முடியாது.

இரண்டாவது, அளவு மாதிரி. 24 செ.மீ. கூடைப்பந்தைப் பூமி என்று வைத்தால் டென்னிஸ் பந்து நிலா. எவ்வளவு தூரத்தில் வைப்பாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் வைப்பார்கள். சரியான இடம் 7.2 மீட்டர். சூரியனை 10 செ.மீ. ஆக்கினால் பூமி 1 மி.மீ.க்கும் குறைவு, தூரம் 10.75 மீட்டர், வியாழன் 1 செ.மீ., 56 மீட்டரில்; நெப்டியூன் 3.5 மி.மீ., 323 மீட்டரில். சூரியனுக்கு அடுத்து மிக அருகில் உள்ள நட்சத்திரம் இதே அளவில் சுமார் 2,900 கி.மீ. தள்ளி. அளவுக்கு ஒரு விகிதம், தூரத்துக்கு வேறு விகிதம் என்று கலந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லிக் கொடுத்துவிடும்.

10. இனி வாங்கலாம், ஆனால் பைனாகுலர்

நோட்டு நிரம்பிவிட்டது, பிள்ளை இன்னும் கேட்கிறது என்றால் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மி.மீ.இல். உருப்பெருக்கத்தை மட்டும் பெரிதாகப் போட்டு விற்பவற்றைத் தவிர்க்கவும். கைநடுக்கமும் அதே மடங்கு பெருகும். சுவரிலோ நாற்காலி முதுகிலோ முழங்கையை ஊன்றி வியாழனைப் பாருங்கள். அதன் இருபக்கமும் ஒரே கோட்டில் நான்கு சிறு புள்ளிகள் வரை தெரியும்; அவை வியாழனின் நிலாக்கள். உட்புறத்து அயோ பெரும்பாலும் வியாழனின் ஒளியிலேயே மறைந்துவிடும், கவலைப்பட வேண்டாம். ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் ஒரு வட்டமும் புள்ளிகளும் வரையுங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. கனிமீட் சுற்றி வர 7 நாளுக்குச் சற்று மேல் ஆகும், கலிஸ்டோவுக்கு ஏறக்குறைய 17 நாள். எனவே மேகமில்லாத பருவத்தில் தொடங்கி, குறைந்தது மூன்று வாரத்துக்குப் பக்கத்தை ஒதுக்கி வையுங்கள்.